நாற்பத்தொன்றாம் பதிவு

கோயம்புத்தூரில் பம்ப் செய்யத் தெரிந்தவர்களுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் மாடித் தொட்டிக்கும் செய்து பழகிய ஊர், ஒரு கட்டத்தில் இதயத்துக்கும் செய்ய ஆரம்பித்தபோது உள்ளூரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அலைமகள் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் என்ற கம்பெனி செய்த அந்தக் கருவிக்குத் 'துணை' என்று பெயர். எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். பலவீனமான இதயத்தின் இடது கீழறையில் அதைப் பொருத்துவார்கள். அந்த அறையில் சேரும் இரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனிக்குத் தள்ளுவது அதன் வேலை. வயிற்றின் பக்கவாட்டில் மெல்லிய ஒயர் ஒன்று வெளியே வந்து, இடுப்பில் கட்டிய பெட்டியில் சேரும். பெட்டிக்குள் பேட்டரி, பேட்டரியை ஒட்டி ஒரு சின்னக் கணினி. பம்ப் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தக் கணினி. எப்படி முடிவு செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லும் நிரல் மொத்தம் அறுபத்தோராயிரம் வரிகள். அதில் பாதிக்கு மேல் சுலோச்சனா எழுதியவை.

கம்பெனியை மூடி நான்கு வருடம் ஆகிவிட்டது. கம்பெனியை மூடலாம், பொருத்திக்கொண்டவர்களை மூட முடியாது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்கும் வேலைக்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள். சங்கமாகச் சேர்ந்து வழக்குப் போட்டு, நிரலைப் பொதுவில் வைக்கும்படி உத்தரவு வாங்கியதும் அவர்கள்தான். அன்றிலிருந்து அது திறந்த மூல நிரல். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பித் தரலாம். சட்டம் அப்படிச் சொன்னது. நடைமுறையில் அதைத் தொட்டவர்கள் இரண்டே பேர். கணபதியில் ஒரு டைல்ஸ் கடையின் மேல்மாடியில் சங்கம் பிடித்துக் கொடுத்த அறையில், நாற்பத்தொன்பது வயது சுலோச்சனாவும், கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்த ஹாரூனும் தினமும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

ஜனவரியில், மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டே பேரை நம்பி ஓடும் நிரலை மனித உடம்புக்குள் இனியும் புதுப்பிக்க அனுமதிக்க முடியாது. ஏப்ரல் முடிவதற்குள், நிரலைச் சொந்தமாகத் தொகுத்து, சோதித்து, திருத்தத் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்று இருக்கும் நிலையிலேயே நிரல் உறைந்துவிடும். அதற்குப் பிறகு அதில் ஒரு குறை தெரிந்தாலும் யாரும் கைவைக்க முடியாது.

ஒரே ஒரு ஆள்தானே என்று சுலோச்சனா நினைத்தாள். ஹாரூன் கணக்கைக் காட்டினான். முந்தின வருடத்தில் உதவ வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். ஒருவரும் இரண்டாம் நாள் வரவில்லை.

ஏன் என்று தெரிந்துகொள்ள அவன் ஒரு காரியம் செய்தான். வங்கி ஒன்றுக்கு நிரல் எழுதும் தன் பெரியம்மா மகளைக் கூட்டிவந்து, நிரல் முழுவதும் இணையத்தில் இருக்கும் களஞ்சியத்தைத் திறந்து கொடுத்து, பின்னால் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்துகொண்டான். அவள் எங்கெல்லாம் தயங்கினாளோ அதையெல்லாம் ஒரு தாளில் குறித்தான். ஒன்பதாவது நிமிடம் அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். தாளில் பதினான்கு தயக்கங்கள். முதலாவது: இது என்ன என்றே எங்கும் எழுதியிருக்கவில்லை. ஐந்தாவது: ஒரு முக்கியமான வரிக்கு மேலே 'இதைத் தொடாதே, செல்வராஜ் போன் செய்தார்' என்று குறிப்பு இருந்தது. செல்வராஜ் யார், எதற்குப் போன் செய்தார் என்பது சுலோச்சனாவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

"எல்லாம் கோடுலயே இருக்கே ஹாரூன். படிச்சா தெரியாதா?" என்றாள் சுலோச்சனா.

"ஊர்தான் கண்ணு முன்னாடி இருக்கே, எதுக்கு வழி கேக்கறேன்னு சொல்ற மாதிரி இருக்குக்கா."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் முன்னதாகவே வந்துவிட்டாள்.

ஒரு களஞ்சியத்தைப் புதியவர்களுக்காகத் தயார் செய்வது, நாம் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கும் வீட்டுக்குக் கதவு வைப்பதைப் போன்றது. நமக்கு அது தேவையே இல்லை. சுவரேறிக் குதித்தே பழகியிருப்போம். முதல் பக்கத்தை எழுதவே சுலோச்சனாவுக்கு ஐந்து நாள் ஆனது. இது என்ன, யாருடைய உடம்பில் ஓடுகிறது, உங்கள் கணினியில் ஓட்டிப் பார்க்க என்ன வேண்டும், முதலில் தட்டச்ச வேண்டிய ஒரே கட்டளை எது. ஐந்தாம் நாள் அந்தப் பக்கத்தை ஹாரூன் தன் பெரியம்மா மகளுக்கு மறுபடி அனுப்பினான். இந்தத் தடவை அவள் நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்து, மூன்று கேள்வியோடு திரும்பி வந்தாள். அந்த மூன்றுக்கும் பதில் பக்கத்தில் ஏறியது. பிறகு சின்னச் சின்ன வேலைகளைப் பிரித்தெடுத்து 'புதியவருக்கு' என்று குறி போட்டார்கள். கேள்வி கேட்டவருக்கு இரண்டு நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொண்டார்கள். செல்வராஜ் போன் செய்ததன் காரணமும் மூன்று வாக்கியமாக எழுதப்பட்டது. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பெட்டி வீணாகக் கத்துகிறது என்று சொல்லத்தான் அவர் போன் செய்திருந்தார்.

மிகக் கடினமானது சோதனைத் தொகுப்பு. புதியவரிடம் பம்ப்பும் இருக்காது, இதயமும் கொடுக்க முடியாது. அதனால் கம்பெனி நாளிலேயே எழுதி வைத்திருந்த பொம்மை இதயத்தை ஹாரூன் யார் கணினியிலும் ஓடும்படி திருத்தி எழுதினான். அதுவும் நிரல்தான். எவ்வளவு இரத்தம் வருகிறது, அறை எவ்வளவு நிரம்புகிறது, பம்ப் உறிஞ்சினால் சுவர் எவ்வளவு உள்வாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அதற்குள் ஊட்ட, நிஜ மனிதர்களின் பதிவுகள் இருந்தன. யாருக்காவது மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ, பெட்டி தன் நினைவில் இருக்கும் கடைசி நாற்பத்தேழு நிமிடத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். சம்மதம் கொடுத்தவர்களின் பதிவுகள் பெயர் நீக்கப்பட்டு, எண் கொடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு சோதனை ஆகியிருந்தது. நிரலில் ஒரு வரியை மாற்றினால் நூற்று இருபத்தாறு பதிவும் பொம்மை இதயத்தில் ஓடும். அத்தனை பேரும் பிழைத்தால் பச்சை விளக்கு. ஒருவர் போனாலும் சிவப்பு.

"அப்ப ஒவ்வொரு டெஸ்டும் ஒரு ஆளு" என்றாள் ஹாரூனின் பெரியம்மா மகள். ஆமாம் என்றான் அவன். ஒவ்வொரு டெஸ்டும் ஒருவர் பட்ட பாடு.

ஓடியவை நூற்று இருபத்தைந்து. நாற்பத்தொன்றாம் பதிவின் மேல் மட்டும் 'தவிர்' என்று ஒரு குறி இருந்தது. அந்தக் குறி இருந்தால் கணினி அதைத் தாண்டிப் போய்விடும். விளக்கு பச்சையாகவே இருக்கும்.

அது யாருடையது என்று ஹாரூனுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முந்திய மே மாதம், தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் சுலோச்சனாவின் தம்பி சிவசண்முகம் இறந்துபோனான். வயது நாற்பத்து நான்கு. கருவியைப் பொருத்திக்கொள்ளச் சொன்னதே அவள்தான். 'நான் எழுதுனதுடா, பயப்படாத' என்று அவள் சொன்னதை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்ற எல்லாரும் கேட்டிருந்தார்கள். பெட்டி திரும்பி வந்ததும் பதிவை எடுத்தவளும் அவள்தான். 'கருவி வடிவமைத்தபடியே இயங்கியது' என்று அறிக்கை எழுதினாள். அது பொய்யில்லை. பதிவைத் தொகுப்பில் சேர்த்து ஓடவிட்டபோது பதிவின் இருபதாவது நிமிடத்திலேயே திரையை அணைத்துவிட்டு, மறுநாள் அந்தக் குறியைப் போட்டாள்.

ஹாரூன் விதிகளை எழுதிக்கொண்டிருந்தான். காரணம் எழுதாமல் எந்தச் சோதனையையும் தவிர்க்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அவன் நிமிராமலே கேட்டான்.

"நாப்பத்தொண்ணுக்கு என்னக்கா எழுதறது?"

"பதிவு முழுமையற்றதுன்னு போடு."

அவன் கொஞ்ச நேரம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போட்டான்.

பொதுவில் வைப்பதற்கு எல்லாக் குடும்பத்திடமும் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. நாற்பத்தொன்றுக்காகச் சுலோச்சனா சிங்காநல்லூருக்குப் போனாள். தம்பி மனைவி இந்திராணி ஒரு ஜவுளிக்கடையில் மூன்றாவது மாடிக்குப் பொறுப்பாளர். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். படிவத்தை வாங்கி, கடையில் சரக்குச் சீட்டைப் பார்ப்பதுபோல ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடும்போதுதான் கேட்டாள்.

"இத யாராச்சும் எடுத்துப் பாப்பாங்களா அண்ணி?"

"பாக்க மாட்டாங்க இந்திராணி. சும்மா லிஸ்ட்ல இருக்கும்."

"அப்ப எதுக்குக் கையெழுத்து?" என்று இந்திராணி சிரித்தாள். பதிலுக்குக் காத்திருக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள். கருவியில் குற்றமில்லை, இதயம்தான் தாங்கவில்லை என்று அண்ணி அன்றைக்குச் சொன்னதை அவள் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தாள். அண்ணிக்குத் தெரியாத கருவியா?

பிப்ரவரி கடைசியில் கதவு திறந்தது. முதல் வாரம் எழுத்துப்பிழை திருத்துகிறவர்கள் வந்தார்கள். சேலத்திலிருந்து ஒருவர் முதல் பக்கத்தை இன்னும் தெளிவாக்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெண், கட்டளை ஒன்று பழைய கணினிகளில் ஓடவில்லை என்று சொல்லி அதைச் சரிசெய்தும் கொடுத்தாள். எல்லாருக்கும் சுலோச்சனா பொறுமையாகப் பதில் எழுதினாள். எழுத எழுத அவளுக்கே அது பிடித்துப் போனது. ஒரு வரிக் கேள்விக்கு ஒரு பக்கம் பதில் போனது. மூன்றாவது வாரம் ஒரு குரல் செய்தி வந்தது.

"வணக்கமுங்க. நானு ராசாமணி, பல்லடத்துல போர் மோட்டாருக்குப் பேனல்போர்டு கட்டறனுங்க. எம் பெட்டி நம்பர் இருநூத்தி எம்பத்தேழு. பேனல்ல போடற சின்னச் சிப்புக்கு நானே கோடு எழுதிக்குவேன். உங்க மொதப் பக்கத்துல சொன்ன மாதிரியே பண்ணேன், ஓடிருச்சுங்க. இனி என்ன பண்ணோணும்?"

நாற்பது வயதுக்காரி. இதயம் பழுதாவதற்கு முன் தானே கம்பமேறி ஒயர் இழுத்தவள். தன் இடுப்பில் ஓடும் நிரலைத் தானே படிக்க முடிகிறது என்பது அவளுக்குத் திருவிழாவாக இருந்தது. தினமும் ஐந்தாறு கேள்வி வந்தது. எல்லாமே ஏன், எதற்கு என்பவை. இரண்டு சின்ன வேலைகளை எடுத்து முடித்தாள். மார்ச் மாதம் இருபதாம் தேதி பிற்பகல் வீடியோ அழைப்பில், மூன்றாவது ஆளாக ஆணையத்துக்கு அவள் பெயரைக் கொடுக்கலாமா என்று ஹாரூன் கேட்டான். கொடுங்களேன் என்றாள். அதே மூச்சில் அவளுடைய கேள்வி வந்தது.

"அந்த நாப்பத்தொண்ண மட்டும் ஏனுங்க ஓட்டறதில்ல?"

ஹாரூன் சுலோச்சனாவைப் பார்த்தான்.

"பதிவு முழுசா இல்லீங்க" என்றாள் சுலோச்சனா.

"நானு பிரிச்சுப் பாத்தனுங்களே. எல்லாப் பதிவும் நாப்பத்தேழு நிமிசம். இதும் நாப்பத்தேழு. நடுவுல எங்கயும் ஓட்டையில்ல." ராசாமணி கொஞ்சம் தயங்கினாள். "இது பாதியில நின்ன பதிவில்லீங்க. முடிஞ்ச பதிவு."

சுலோச்சனா தண்ணீர் பாட்டிலை எடுத்து, குடிக்காமல் வைத்தாள்.

"என் தம்பிங்க" என்றாள்.

ராசாமணி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அப்படிங்களா என்று மட்டும் சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்துக் கேட்டாள்: "ஓட்டட்டுங்களா, வேண்டாங்களா? நீங்க சொல்றதுதான்."

வேண்டாம் என்று சொல்லிவிட முடியும். அதற்கு ஒரு விதியை மீற வேண்டும், அவ்வளவுதான். விதியை எழுதிய இருவரும் அந்த அறையிலேயே இருந்தார்கள். அவள் வேண்டாம் என்றால் ஹாரூன் மறுத்திருக்க மாட்டான். அவனுக்கு அவள்தான் வேலை கற்றுக் கொடுத்தவள். சுலோச்சனாவுக்குத் தம்பியைவிட முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் முக்கியம் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. இந்தப் பெண் கேட்கிறாள், இடுப்பில் பெட்டியோடு உட்கார்ந்து கேட்கிறாள் என்று மட்டும் தோன்றியது.

"ஓட்டுங்க" என்றாள்.

நாற்பத்தேழு நிமிடம் கணினியில் இரண்டு நிமிடமாகச் சுருங்கி ஓடியது. இரண்டு கோடுகள். மேலே பம்பின் வேகம், கீழே மோட்டார் இழுக்கும் மின்சாரம். கீழ்க்கோடு மிக மெதுவாக, உற்றுப் பார்த்தால்தான் தெரியும்படி இறங்கியது. அது இறங்க இறங்க மேல்கோடு ஏறியது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் இரண்டும் தாறுமாறாகத் துடித்தன. பிறகு சிவப்பு.

ராசாமணிதான் முதலில் கேட்டாள்.

"இவருக்கு அன்னிக்கு ஒடம்புல தண்ணி இல்லீங்களா?"

இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கல்யாண வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்றாள் சுலோச்சனா. அவள் குரல் வேலைக் குரலாகவே இருந்தது. பம்ப் எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது என்பதை நேரே அளக்க வழியில்லை, மோட்டார் இழுக்கும் ஆம்பியரை வைத்துத்தான் கணக்கிடுகிறோம், குறைந்தால் வேகத்தைக் கூட்டுவோம் என்று விளக்கினாள். அறை வறண்டு போய் ஆம்பியர் சடாரென்று இறங்கினால் மட்டும், கூட்டாமல் குறைக்க வேண்டும் என்று தனியாக எழுதியிருக்கிறது என்றும் சொன்னாள்.

"சடார்னு எறங்கறத உங்க கோடு புடிக்குதுங்க, இல்லேங்கல. இவருக்கு மெல்ல மெல்லத்தான எறங்கியிருக்குது. நீங்க எதோட ஒப்பிடறீங்க? பத்து நிமிசத்துக்கு முந்தி இருந்ததோட. பத்து நிமிசத்துக்கு முந்தியும் எறங்கித்தான இருந்துச்சு?"

சுலோச்சனா அந்த வரியைத் திரையில் தேடி எடுத்தாள்.

"போர்லயும் இதேதானுங்க. தண்ணி எறங்குனா தூக்கறதுக்குப் பாரம் கம்மி, ஆம்ப்ஸ் எறங்கும். பத்தலைன்னு வேகமா ஓட்டுனா இருக்கற தண்ணியும் போயி, மண்ணையும் காத்தையும் இழுக்கும். ஊத்து ஊறட்டும்னு மெதுவா ஓட்டோணும். அதனால நாங்க ஒண்ணு பண்ணுவோம். புதுசா மோட்டார் எறக்குன அன்னிக்கு, போர் நெறைய தண்ணி இருக்கறப்பவே, ஆம்ப்ஸ் பாத்துப் பேனல் கதவுக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதி வெச்சுருவோம். பத்து வருசம் கழிச்சு எவன் கதவத் தொறந்தாலும் அதோடதான் ஒப்பிடுவான். உங்க பெட்டியில அந்த எழுத்து இல்லீங்க."

அறுபத்தோராயிரம் வரியில் அது இல்லை. பம்ப் ஊரில் பிறந்து வளர்ந்து, பம்ப் கம்பெனியில் பதினாறு வருடம் இருந்து, ஒரு பேனல்போர்டின் கதவைத் திறந்து பார்க்க சுலோச்சனாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

ராசாமணியின் திருத்தம் ஐந்து நாளில் வந்தது. முப்பத்தெட்டு வரி. பொருத்தியவுடன், உடம்பில் நீர்ச்சத்து சரியாக இருக்கும்போது, மருத்துவமனையில் எடுத்த ஆம்பியர் ஒவ்வொருவர் கோப்பிலும் இருக்கிறது, அதைப் பெட்டியில் குறித்துவைக்க வேண்டும். அதிலிருந்து இறங்கிக்கொண்டே போனால் வேகத்தைக் குறைத்து, தண்ணீர் குடி, படு என்று பெட்டி சொல்ல வேண்டும். சுலோச்சனா மற்ற எந்தப் புதியவரின் வேலையையும் பார்ப்பதுபோலவே அதை வரி வரியாகப் பார்த்தாள். இரண்டு இடத்தில் தவறு கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாள். திருத்தி வந்தது. தவிர் குறியை எடுத்துவிட்டு ஓட்டினார்கள். நூற்று இருபத்தாறும் பச்சை.

நாற்பத்தேழாவது நிமிடத்தில் பொம்மை இதயம் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது. பதிவு அங்கே முடிவதால் கணினியும் அங்கே நின்றது. இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள் சுலோச்சனா. ஹாரூன் ஓட்டினான். அதே பச்சை.

அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் ராசாமணி ஒரு வரி எழுதியிருந்தாள்: காரணம் தெரியாதவை என்று ஒரு கோப்புறை இருக்கிறதே, அதையும் ஓட்டிப் பார்த்தீர்களா? இறந்துபோனவர்களில், ஏன் இறந்தார்கள் என்று தெளிவாகாதவர்களின் பதிவுகள் அதில் கிடந்தன. ஒன்பது. ஹாரூன் ஒவ்வொன்றாக ஓட்டினான். ஏழு பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. இரண்டு பேர் பிழைத்தார்கள்.

ஒருவர் உடுமலைப்பேட்டை, முந்தின வருடம் ஏப்ரல். இன்னொருவர் சத்தியமங்கலம், அதே வருடம் செப்டம்பர். தேதிகளைப் பார்த்ததும் இருவருக்கும் புரிந்துவிட்டது. இரண்டுமே தவிர் குறி போட்ட பிறகு.

"பொம்மை இதயந்தானேக்கா" என்றான் ஹாரூன். "நெசத்துலயும் பொழச்சிருப்பாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு நாம அந்தப் பொம்மையத்தானே நம்பறோம்?"

எந்த மாற்றத்தையும் சேர்க்கும்போது அதனுடன் ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி: என்ன குறை, எப்போதிலிருந்து, யாருக்குப் பாதிப்பு. 'புதிய தரவு கிடைத்ததால் திருத்தப்பட்டது' என்று தான் எழுதிவிடுவதாக ஹாரூன் சொன்னான். அதிலும் பொய் எதுவும் இருக்காது. சுலோச்சனா வேண்டாம் என்றாள். அன்று மாலைக்குள் அவள் எழுதிய குறிப்பின் கடைசிப் பகுதி இப்படி இருந்தது:

'இந்தக் குறையைக் காட்டும் பதிவு இருபத்திரண்டு மாதமாக இந்தக் களஞ்சியத்திலேயே இருந்தது. அதைத் தவிர்க்கும்படி குறி போட்டது நான். முழுமையற்றது என்று எழுதவைத்த காரணம் பொய். உண்மையான காரணம், எனக்கு அதைப் பார்க்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகு இதே குறையால் இரண்டு பேர் இறந்திருக்கலாம். சுலோச்சனா.'

வெளியிடும் முன் சிங்காநல்லூருக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை. இந்திராணி கடைச் சீருடைப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சுலோச்சனா உட்கார்ந்து, ஆம்பியரில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னாள். பாதிக்கு மேல் இந்திராணிக்குப் புரியவில்லை. புரிந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப அவரு செத்தது கருவியாலயா?"

"நான் எழுதுன கணக்கால."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு மூடி வெச்சேன்."

அழுவாள் என்று சுலோச்சனா எதிர்பார்த்தாள். ஏசுவாள் என்றும் எதிர்பார்த்தாள். இந்திராணி எழுந்து போய் சுவரில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்தாள்.

"அவரு போனத நான் முழுங்கிட்டேன் அண்ணி. இனி அதுல புதுசா அழறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்குனீங்க. யாராச்சும் பாத்திருந்தா அந்த ரெண்டு பேரு இருந்திருப்பாங்கல்ல?" புடவையை மறுபடி கையில் எடுத்தாள். "அவங்க வீட்டுக்கு யாரு சொல்லப் போறது?"

"நான்தான்."

"நீங்க போனா ஆம்பியர்ல இருந்து ஆரம்பிப்பீங்க. அவங்க எதுக்கு வந்திருக்காங்கன்னே தெரியாம காப்பி போட்டுக் குடுப்பாங்க. அந்தக் காப்பியக் குடிச்சிட்டு எப்படிச் சொல்லுவீங்க?" இந்திராணி புடவையை மடித்தாள். "புதன்கெழம எனக்கு லீவு. நானும் வர்றேன்."

திங்கட்கிழமை காலை சுலோச்சனா குறிப்பை வெளியிட்டு, ராசாமணியின் வரிகளை நிரலில் சேர்த்தாள். ஆணையம் மூன்றாவது பெயரை ஏற்றுக்கொண்டது. அக்னி நட்சத்திரத்துக்கு முன் எல்லாப் பெட்டிக்கும் புது நிரல் ஏற்றிவிட மருத்துவமனைகள் நாள் குறித்தன.

புதன்கிழமை இருவரும் உடுமலைப்பேட்டைக்குப் பேருந்தில் போனார்கள். இறந்தவர் தில்லைநாயகம், பனியன் கம்பெனி ஒன்றில் மேஸ்திரியாக இருந்தவர். வீட்டில் அவர் மனைவியும், கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் மகள் மேகலாவும் இருந்தார்கள். உட்காரச் சொல்லும் முன்பே இந்திராணி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இதே பெட்டிதானுங்க. அதுல ஒரு தப்பு இருந்திருக்கு. ஒடம்புல தண்ணி கம்மியானா அது மெதுவா ஓடோணும், வேகமா ஓடிருச்சு. எங்காளு அதுலதான் போனாரு. உங்காளும் அப்படித்தான் போயிருப்பாருன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. இவங்கதான் அத எழுதுனவங்க. எனக்கு அண்ணி."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தாய் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். மகள் அந்தத் தப்பு எப்படிப்பட்டது என்று கேட்கவில்லை. எப்போது தெரிந்திருக்க முடியும் என்று கேட்டாள். சுலோச்சனா தேதியைச் சொன்னாள். தன் தம்பியைப் பற்றியும் தவிர் குறியைப் பற்றியும் சொன்னாள். தேதிகளைக் கழித்துப் பார்க்க மேகலாவுக்கு நேரம் எடுக்கவில்லை.

"பதினொரு மாசம்" என்றாள். "உங்க தம்பியப் பாக்க உங்களுக்கு மனசு வரல. அதனால எங்கப்பா."

சுலோச்சனா ஆமாம் என்றாள்.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது, யாரும் பார்க்கலாமா என்று மட்டும் மேகலா கேட்டாள். முகவரியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, கிளம்புங்கள் என்றாள். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் யாரும் கொடுக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. திரும்பும்போது பொள்ளாச்சி வரைக்கும் இந்திராணி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினாள். சத்தியமங்கலம் அடுத்த புதன்கிழமை.

நான்காம் நாள் களஞ்சியத்துக்குப் புதியவர் ஒருவரிடமிருந்து ஒரு திருத்தம் வந்திருந்தது. ஹாரூன் பெயரைப் படித்துவிட்டுத் திரையைச் சுலோச்சனா பக்கம் திருப்பினான். மேகலா தில்லைநாயகம். வணக்கம் இல்லை, அறிமுகம் இல்லை.

'சோதனையைத் தவிர்க்கும் அதிகாரம் ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது. இரண்டு பேர் ஒப்புக்கொண்டாலொழிய தவிர் குறி செல்லாது. ஒப்புக்கொண்டாலும் முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். பதினாறு வரி எழுதியிருக்கிறேன். சரிபார்க்கவும். உங்கள் முதல் பக்கத்தில் நான்காவது படி தவறாக இருக்கிறது, அதையும் திருத்தியிருக்கிறேன்.'

தான் பதில் எழுதட்டுமா என்று ஹாரூன் கேட்டான். சுலோச்சனா தலையசைத்து மறுத்தாள். பதினாறு வரியையும் இரண்டு முறை படித்தாள். ஒன்பதாவது வரியில், நாளைக் கணக்கிடும் இடத்தில் ஒன்று விட்டுப்போயிருந்தது. குறி முப்பது நாளுக்குப் பதில் முப்பத்தோராவது நாள்தான் அழியும். ஒரே ஒரு நாள். அவள் ஒரு தேதி போட்டு ஓட்டி அதை உறுதிசெய்துகொண்டாள். பிறகு, எல்லாப் புதியவருக்கும் எழுதுவதுபோலவே, திருத்தம் தேவையானது என்றும், ஒன்பதாவது வரியில் ஏன் ஒரு நாள் கூடிவிடுகிறது என்றும், அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்றும் நிதானமாக விளக்கி அனுப்பினாள்.

நான்கே நிமிடத்தில் பதில் வந்தது. திருத்தியாயிற்று என்றிருந்தது. நன்றி என்ற சொல் அதில் இல்லை. அடுத்து எந்த வேலையை எடுக்கலாம் என்று கேட்டிருந்தாள்.